மருந்துக்கு முன் ஒரு துளி இரத்தம்

ஒருவரைக் குணப்படுத்தும் மருந்து மற்றொருவருக்குத் தீங்கிழைப்பது ஏன்?

மலேரியாவுக்குரிய பிரைமாகுயின் மருந்தை உட்கொண்ட சிலருக்குச் சிவப்பணுக்கள் சிதைந்து, சிறுநீர் கறுத்தது. அவர்களுடைய சிவப்பணுக்களில் ஜி-6-பி-டி என்னும் நொதிப்பொருள் குறைந்திருப்பதே காரணம் என 1956ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இக்குறை பரம்பரையாக வருவது, ஆண்களிடமே மிகுதி.

நம் நாட்டு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தைக் கொண்டு இச்சோதனை செய்யப்படுகிறது. குறையுள்ள குழந்தைக்கு மஞ்சட்காமாலை முற்றினால் மூளைக்கே கேடு விளையலாம். ஆகவே, அதன் துணிகளுக்கிடையே பாச்சை உருண்டை வைத்தல் ஆகாது. மருத்துவரைக் கேளாமல் நாட்டு மருந்து கொடுத்தலும் ஆகாது.

2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டஃபெனோகுயின், விவாக்ஸ் மலேரியா மீண்டும் தலைதூக்காமல் ஒரே வேளையில் தடுக்க வல்லது. ஆயினும், இந்நொதிப்பொருளின் அளவை அறிந்த பின்னரே அதனைக் கொடுத்தல் வேண்டும். விரல்நுனி இரத்தத்தைக் கொண்டு சில நிமிடங்களில் அவ்வளவைக் காட்டும் சிறு கருவிகளும் வந்துள்ளன. முதலில் சோதனை, பின்னர் அவரவர்க்கேற்ற மருந்து என்பதே வருங்கால மருத்துவத்தின் நெறியாகும்.

பிள்ளைகளின் சுகாதாரப் புத்தகத்தைப் பத்திரப்படுத்துவோம். கிளினிக்கிற்குச் செல்லும்பொழுது, குறை இருப்பின் அதனை முதலிலேயே கூறுவோம். அவ்வொரு சொல் உயிர் காக்கும்.