தொழிற்சாலைகளின் வளர்ச்சியும் தேய்வும்

ஒரு தொழிற்சாலையின் வலிமையை ஓராண்டு லாபத்தை மட்டும் கொண்டு அளவிடுதல் பொருந்தாது. பொருள்வளமும் தொழில்நுட்பமும் எப்போதும் ஒருங்கே செல்வனவல்ல. இதனை நம் பாலாற்றுப் பகுதியின் வரலாறுகொண்டு ஆராய்வோம்.

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல்ஷாப்புகள், ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும் தோலைப் பாதியளவே பதனிட்டுச் சீமைக்கு அனுப்பிவந்தன. முதல் உலகப்போரில் படைவீரரின் பூட்ஸுகளுக்கு அத்தகைய தோல் மிகுதியும் வேண்டப்பட்டமையால் வர்த்தகம் பெருகிற்று. தொழில்நுட்பமோ அத்துணை முன்னேறவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆல்பிரெட் சாட்டர்ட்டன் சென்னையில் குரோமிய முறையைச் செய்துகாட்டினார். ஆயினும், பழைய சரக்கை வாங்குவோர் இருந்தவரை மாற்றம் மெல்லவே வந்தது. 1973-இல் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசாங்கம் வரம்பிட்ட பின்னரே, முழுப்பதனும் காலணித் தொழிலும் விரைந்து வளர்ந்தன.

எனினும் ஒரு செலவு கணக்கேட்டில் ஏறாமலே நின்றது. கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் விளைநிலங்களையும் கெடுத்தது. மாசுபடுத்தியோரே ஈடுசெய்தல் வேண்டுமென உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-இல் தீர்ப்பளித்து, தோல்ஷாப்பு ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. அதுவரை லாபமெனப்பட்டதில் ஒரு பகுதி, உண்மையில் உழவர் இழந்த நீரின் விலையே என்பது அப்போது வெளிப்பட்டது.

இனி, இப்பகுதியிலேயே உள்ள சோளிங்கரை நோக்குவோம். அங்குள்ள பிரேக்ஸ் இந்தியா வார்ப்படச்சாலை 2003-இல் ஜப்பானியரின் டெமிங் பரிசைப் பெற்றது. பழுதான வார்ப்படத்தைக் கடைசியிற் கண்டு ஒதுக்குவதோடு நில்லாது, மணல் அச்சிலோ உருகிய இரும்பிலோ பழுதின் மூலத்தைத் தேடித் திருத்துவதே அப்பரிசு போற்றும் முறையாகும். இங்கும் புறத்தூண்டுதல் இல்லாமலில்லை. 1991-க்குப் பின் இந்தியாவுக்கு வந்த அயல்நாட்டு மோட்டார் கம்பெனிகள் உயர்ந்த தரத்தைக் கேட்டன. ஆனால் சட்டத்தின் கட்டளைக்கு அஞ்சி மாறுவது வேறு. நாள்தோறும் கற்று மாறுவது வேறு.

ஆதலின், தொழிற்சாலையிற் பணிபுரியச் செல்லும் மாணவர்கள் அவ்வாண்டின் லாபத்தை மட்டும் கேட்டு அமையாது, பத்தாண்டுகளில் வீணாகும் பொருள் குறைந்ததா, தொழிலாளியின் திறன் உயர்ந்ததா, கழிவின் சுமையைச் சுமப்பவர் யார் என்பனவற்றையும் வினவுவாராக. அவ்விடைகளே அச்சாலையின் வருங்காலத்தை உரைக்கும்.