பேயை எரித்த பிறகும் தாயத்து எதற்கு?

அய்யா துணை



இந்த மாதப் பாடம், அகிலத்திரட்டில் அய்யா பேய்களை எரித்த பகுதி. அரிகோபாலன் சீடர் எழுதிய இந்த ஏட்டைத் திருஏடு வாசிப்பில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். கேட்டது உள்ளே இறங்கியதா என்பது வேறு.

கொல்லம் 1008 மாசி 20-ல் அய்யா வைகுண்டராய் வந்த காலத்தில், தென்திருவிதாங்கூரில் நம் முன்னோர் தலைக்கு வரி கட்டினார்கள். தலைப்பாகை கட்ட உரிமை இல்லை. வெளியே அரசனுக்குப் பயம், வீட்டுக்குள் பேய்க்குப் பயம். கஞ்சிக்கு வழியில்லாதவனும் கடன் வாங்கி ஆடு, கோழி பலி கொடுத்தான். அய்யா தலைப்பாகை கட்டச் சொன்னார். பலியும் காணிக்கையும் வேண்டாம் என்றார். பேய்களை வரவழைத்து, அவற்றின் வல்லமையை ஒப்படைக்க வைத்து, தீயில் எரித்தார் என்கிறது அகிலம். அரசன் போட்ட வரியை நிறுத்த அரசன் மனம் வைக்க வேண்டும். பேய்க்குக் கட்டும் வரியை நிறுத்த நாம் மனம் வைத்தால் போதும்.

இதைச் சொல்லும் நானே பல வருடம் அந்த வரியைக் கட்டியவன். தெற்கிலிருந்து திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குக் கடை வேலைக்கு வந்து, ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தபோது என் மகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. ஒரு மந்திரவாதியிடம் போனேன். "ரத்த உறவில் ஒரு பெண் வைத்த செய்வினை" என்றார். பெயர் சொல்லவில்லை. பெயரை நானே போட்டுக்கொண்டேன்: என் மதினி. மகள் ஆஸ்பத்திரி மருந்தில் குணமானாள். பெருமை தாயத்துக்குப் போனது. அண்ணன் வீட்டோடு ஆறு வருடம் பேச்சு இல்லை.

தாங்கலில் பணிவிடை செய்யும்போது சட்டை கழற்றித் தலைப்பாகை கட்டுவோம் அல்லவா? ஒரு நாள் பள்ளியறைக் கண்ணாடி முன் நின்றேன். நெற்றியில் நாமம், புஜத்தில் தாயத்து. பக்கத்தில் நின்ற பெரியவர், "எரித்ததாக வாசிக்கிறோம், நீ இன்னும் காவல் போட்டிருக்கிறாயே, யாருக்குப் பயந்து?" என்றார். பதில் இல்லை. கழற்றிவிட்டு, "கொள்ளிடத்தில் விடட்டுமா?" என்று கேட்டேன். "ஓடுகிற தண்ணீரில்தான் விட வேண்டுமா? குப்பையில் போடு" என்றார். தூக்கிப் போடுவதிலும் எனக்குப் பயம் இருந்திருக்கிறது, பாருங்கள்.

நோய் வந்தால் மருத்துவரிடம் போவோம், அய்யாவின் பதமும் வாங்குவோம். அது தவறல்ல. நோய்க்குக் காரணமாக ஒரு மனிதரைக் காட்டுகிற சொல்லைத்தான் வீட்டுக்குள் விடக் கூடாது. நம் தாங்கலுக்கு வருகிறவர்களிலும் சிலர் கடை வாசலில் பூசணிக்காயும் எலுமிச்சையும் கட்டியிருக்கிறார்கள். கோபிக்க வேண்டாம், நானும் கட்டியவன்தான்.

தாயத்தைக் கழற்றுவது ஒரு நிமிட வேலை. அண்ணனுக்குப் போன் செய்ய மூன்று மாதம் ஆனது. மதினிதான் எடுத்தார். என்ன சொல்வதென்று தெரியாமல், "ஏடு வாசிப்புக்கு வாங்க மதினி" என்றேன். "இப்பத்தான் கூப்பிடத் தோணிச்சா?" என்றார். வந்தார்கள். அன்று தர்மச் சோறு பரிமாறியதும் அவர்தான்.

வரும் ஞாயிறு உச்சிப்படிப்பு முடிந்ததும் இதே பகுதியை மறுபடி வாசிப்போம். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.

அய்யா உண்டு.