கைதிகள் போனார்கள், கலை வந்தது

கேள்வி: ஸ்பெயினின் சிறு நகரங்களில் பழைய மடங்களும் சிறைச்சாலைகளும் கலை மையங்களாகிவிட்டனவாமே, எப்படி?
– வாசகி, காரைக்குடி

பதில்: முதல் காரணம் வரலாறு. 1836-இல் பிரதமர் மெந்திசாபலின் அரசு கத்தோலிக்க மடங்களின் சொத்துகளைக் கையகப்படுத்தியது. ஊருக்கு ஊர் பெரிய கட்டடங்கள் காலியாயின. சில படைமுகாம்களாயின, சில இடிந்தன, பல பொதுச்சொத்தாயின.

இரண்டாவது, சட்டம். 1985-ஆம் ஆண்டின் வரலாற்று மரபுரிமைச் சட்டப்படி, அரசு நிதியில் நடக்கும் பெரிய பொதுப்பணிகளின் செலவில் குறைந்தது 1 சதவீதம் மரபுரிமைக்கும் கலைக்கும் போக வேண்டும் என்றிருந்தது.

அந்தச் சட்டம் வருமுன்பே தொடங்கிய குவெங்கா நகரத்தைப் பாருங்கள். பள்ளத்தாக்கின் விளிம்பில் தொங்கும் பழைய வீடுகளில், மணிலாவில் பிறந்த ஓவியர் ஃபெர்னாந்தோ சோபெல் 1966-இல் அரூப ஓவிய அருங்காட்சியகம் திறந்தார். கட்டடம் நகராட்சியுடையது; ஓவியங்கள் அவர் சேகரித்தவை. 1980-இல் அந்தச் சேகரிப்பை ஹுவான் மார்ச் என்ற அறக்கட்டளைக்கு வழங்கிவிட்டார். பின்னாளில் அவ்வூரின் கார்மல் சபை மடமும் கலைக்கூடமாயிற்று. சலமன்கா நகரம் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரான 2002-இல், அங்கிருந்த பழைய சிறை தற்காலக் கலை மையமாகத் திறக்கப்பட்டது.

சுண்ணாம்பு பூசிப் பூட்டி வைத்தால் எந்தக் கட்டடமும் பிழைக்காது. தினமும் மக்கள் வந்துபோக அதற்கொரு வேலை வேண்டும். அந்த வேலையை முதலில் முடிவு செய்யும் ஊரே தன் பழைய சுவர்களைக் காப்பாற்றுகிறது.