டிராகனின் விலை என்ன?

சதுரங்கம் விளையாடும் நண்பரிடம், "ஒரு ராணி எத்தனை சிப்பாய்களுக்குச் சமம்?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒன்பது" என்று தயங்காமல் சொல்வார். குதிரைக்கு மூன்று, கோட்டைக்கு ஐந்து என்றும் ஒரு கணக்கு உண்டு. இந்தக் கணக்கை அறியாதவரும் சதுரங்கம் விளையாடலாம். இரு தரப்பிலும் ஒரே மாதிரியான பதினாறு காய்களே நிற்பதால், தொடக்கத்திலேயே சமநிலை அமைந்துவிடுகிறது.

மாறாக, அவரவர் தமக்குப் பிடித்த காய்களை வீட்டிலிருந்து கொண்டுவரலாம் என்று விதி இருந்தால்? ஒருவர் பை நிறைய ராணிகளோடு வந்து நிற்பார்! சிற்றுருவப் போர் விளையாட்டில் இதே சிக்கல்தான் எழுகிறது.

இவ்விளையாட்டில் மேசையே போர்க்களம். விரல் உயரமே உள்ள வீரர்களை வாங்கி, ஒட்டி, பொறுமையாக வண்ணம் தீட்டி, தமக்கென ஒரு படையை உருவாக்குகிறார்கள். அளவுநாடாவால் தூரத்தை அளந்து வீரர்களை நகர்த்துவார்கள்; பகடை உருட்டித் தாக்குவார்கள். அறிவியல் புதினங்களால் புகழ்பெற்ற ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ், பொம்மை வீரர்களைக் கொண்டு விளையாடுவதற்கான விதிகளை 1913இல் ஒரு நூலாகவே எழுதினார். அதற்கும் முன்பே, 1824இல், பிரஷ்ய நாட்டு இராணுவ அதிகாரிகள் இத்தகைய விளையாட்டைப் பயிற்சிக்காகப் பயன்படுத்தத் தொடங்கினர். அங்கே நடுவர் ஒருவர் இருந்தார். யாரிடம் எவ்வளவு படை, களம் எப்படி என்பதையெல்லாம் அவர் பார்த்துக்கொண்டார்.

ஆனால், விடுமுறை நாளில் கடையொன்றில் முதன்முறையாகச் சந்திக்கும் இருவருக்கு நடுவர் ஏது? ஒருவரிடம் பெரிய டிராகன். மற்றவரிடம் ஈட்டி ஏந்திய முப்பது வீரர்கள். இது சமமான போரா? இருவரும் விவாதிக்கத் தொடங்கினால் பொழுதுதான் போகும்.

இதற்கான தீர்வுதான் புள்ளிமுறை. ஒவ்வோர் உருவத்திற்கும் விதிநூல் ஒரு விலை நிர்ணயிக்கிறது. ஈட்டி வீரனுக்கு 10 புள்ளி, குதிரை வீரனுக்கு 50 புள்ளி, டிராகனுக்கு 400 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். "ஆளுக்கு ஆயிரம் புள்ளி" என்று பேசி முடித்தால் போதும். டிராகனைக் கொண்டுவருபவரிடம் 600 புள்ளியே மிஞ்சும். அதைக் கொண்டு அவர் பன்னிரண்டு குதிரை வீரர்களைச் சேர்க்கலாம். எதிரே நூறு ஈட்டி வீரர்கள் நிற்கலாம். வீட்டு அலமாரியில் ஐந்து டிராகன்கள் வைத்திருப்பவரும் அந்த ஆயிரத்தைத் தாண்ட முடியாது. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முந்தைய நாள் இரவே தாளும் எழுதுகோலுமாக உட்காரும்போது பாதி விளையாட்டு தொடங்கிவிடுகிறது. என்னைக் கேட்டால், சுவையான பாதி அதுதான்.

புள்ளிகள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2015இல் பலர் நேரில் கண்டனர். 'வார்ஹேமர்' என்ற புகழ்பெற்ற விளையாட்டை 1983 முதல் வெளியிட்டுவந்த பிரிட்டனின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம், அந்த ஆண்டில் 'ஏஜ் ஆஃப் சிக்மார்' என்ற புதிய விளையாட்டை அறிமுகப்படுத்தியது. அதன் அடிப்படை விதிகள் நான்கே பக்கங்கள். புள்ளிகள் அடியோடு நீக்கப்பட்டிருந்தன. விரும்பிய உருவங்களை விரும்பிய அளவு மேசையில் வைக்கலாம். ஒரு படையின் எண்ணிக்கை மற்றதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடினால், சிறிய படைக்கு ஒரு சலுகை கிடைக்கும். ஆனால், தலைகளை மட்டும் எண்ணும்போது டிராகனும் ஒன்று, சிறு பூதமும் ஒன்று! மலைக்கும் மடுவுக்கும் ஒரே கணக்கு.

நெருங்கிய நண்பர்கள் பேசிச் சமாளித்தனர். அறிமுகமில்லாதவர்களோடு விளையாடுபவர்களும் போட்டிகளை நடத்துபவர்களும்தாம் திணறினர். சில குழுக்கள் தாமாகவே புள்ளிப் பட்டியல்களைத் தயாரித்தன. மறு ஆண்டு, 2016இல், நிறுவனமே ஒரு கையேட்டின் வழி புள்ளிகளைத் திரும்பக் கொண்டுவந்தது. அதே கையேட்டில், புள்ளியே பார்க்காமல் விளையாடும் முறைக்கும், கதையை மையமாகக் கொண்ட முறைக்கும் இடம் இருந்தது. விரும்பியவர் விரும்பிய வழியில் விளையாடலாம்.

புள்ளிகள் சரியான அளவுகோல்தானா என்றால், முழுமையாக இல்லை. பரந்த புல்வெளியில் பாய்ந்து செல்லும் குதிரை வீரன், அடர்ந்த காட்டில் தடுமாறுவான். அவனுடைய 50 புள்ளி மட்டும் மாறுவதில்லை. மதிலுக்குப் பின்னால் நிற்கும் வில்லாளி, திறந்தவெளியில் நிற்கும் வில்லாளியைவிட எத்தனை மடங்கு பயனுள்ளவன்! மேலும், விலை குறைந்த, வலிமை மிகுந்த ஓர் உருவம் கிடைத்துவிட்டால் எல்லாரும் அதையே வாங்கிக் குவிப்பர். அதனால்தான் நிறுவனங்கள் புள்ளிகளை அவ்வப்போது திருத்துகின்றன. சந்தையில் தக்காளி விலை ஏறி இறங்குவதைப் போல, பூதத்தின் விலையும் ஏறி இறங்குகிறது. மாதக்கணக்கில் பாடுபட்டு வண்ணம் தீட்டிய படை ஒரே நாளில் 'விலையேறி' விட்டால் வருத்தமாகத்தான் இருக்கும்.

இந்தக் குறையுள்ள கணக்குக்கு இன்னொரு பயனும் உண்டு. ஓர் அண்ணனும் தம்பியும் விளையாடுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். அண்ணன் ஐந்து ஆண்டுகளாக விளையாடுபவன். தம்பிக்கு இது மூன்றாவது ஆட்டம். இருவருக்கும் ஆயிரம் புள்ளி என்றால் தம்பி தோற்பது உறுதி. அண்ணன் வேண்டுமென்றே தவறாக ஆடி விட்டுக்கொடுத்தால் தம்பி கண்டுபிடித்துவிடுவான், கோபமும் வரும். "நீ ஆயிரம் எடுத்துக்கொள், எனக்கு எழுநூறு போதும்" என்றால் பேச்சு வெளிப்படையாக முடிந்துவிடும். அதன்பிறகு அண்ணன் தன் முழுத் திறமையையும் காட்டி விளையாடலாம். தம்பி வென்றால் அது அவன் வெற்றிதான். அடுத்த வாரம் அவனே, "இந்த முறை உனக்கு எழுநூற்று ஐம்பது" என்று பேரம் பேசத் தொடங்குவான்.