கைவேலை நம்முடையது, உருவம் யாருடையது?



நமது கைத்தொழில் வகுப்பில் பயிற்சி முடித்த ஒரு சகோதரி, சென்ற மாதம் கலங்கிய முகத்தோடு நம் அலுவலகத்துக்கு வந்தார். குரோஷே ஊசியால் நூல் பொம்மை பின்னி, இணையக் கடை ஒன்றில் விற்று வருபவர் அவர். டோரேமான் பொம்மைக்குத்தான் அதிக ஆர்டர் வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் பார்த்தால் அவருடைய விற்பனைப் பக்கம் முடக்கப்பட்டிருந்தது. பதிப்புரிமைப் புகார் என்று இரண்டு வரி மட்டும் வந்திருந்தது. வர வேண்டிய பணமும் நின்றுவிட்டது. மகனின் பள்ளிக் கட்டணத்துக்கு அவர் நம்பியிருந்த பணம் அது.

"நான் யாருடைய பொருளையும் எடுக்கவில்லையே! நூல் என் காசில் வாங்கியது. ஒவ்வொரு பின்னலும் என் கையால் போட்டது. இதில் என்ன தப்பு?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. நம் மஹல்லாவில் பல வீடுகளில் இன்று இந்த வேலை நடக்கிறது. சோட்டா பீம் ஒட்டிய பள்ளிப்பை, மிக்கி கீ செயின், பெப்பா பிக் போட்ட பிறந்தநாள் ரிட்டர்ன் கிஃப்ட் என்று செய்து விற்கிறோம். ஆகவே அந்தக் கேள்விக்கான பதிலை எல்லோருமாகச் சேர்ந்து புரிந்துகொள்வோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒருவர் சொந்தமாக வரைந்த ஓவியத்துக்கு, வரைந்த அந்த நேரத்திலிருந்தே பதிப்புரிமை உண்டு. அதற்குப் பதிவு கட்டாயமில்லை. படத்தில் எந்த முத்திரையும் இல்லை என்பதால் அது பொதுச்சொத்து ஆகிவிடாது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், அந்த ஓவியத்தை எந்த வடிவில் மறு உருவாக்கம் செய்யும் உரிமையும் உரிமையாளருக்கே என்கிறது. தாளில் உள்ள படத்தைப் பொம்மையாகச் செய்வதும் இதில் அடங்கும். பிற நாட்டுப் படைப்புகளுக்கும் சர்வதேச ஒப்பந்தங்களின் வழியாக இந்தியாவில் பாதுகாப்பு உண்டு.

ஓவியத்துக்கான இந்த உரிமை, வரைந்தவரின் ஆயுட்காலம் முழுவதும், அவர் இறந்த பிறகு 60 ஆண்டுகளும் நீடிக்கும். டோரேமானைப் படைத்த ஜப்பானிய ஓவியர் 1996இல் இறந்தார். நம் நாட்டுச் சட்டக் கணக்கில் அந்த உரிமை 2056 முடியும் வரை இருக்கும்.

ஆக, அந்தச் சகோதரியின் நூலும் உழைப்பும் அவருடையவை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த உருவத்தைச் செய்து விற்கும் உரிமை இன்னொருவரிடம் இருக்கிறது. இதுதான் அவர் கேள்விக்குப் பதில்.

இதற்கு மேல் வணிகச் சின்னச் சட்டம், 1999 என்று ஒன்றும் உண்டு. கதாபாத்திரத்தின் பெயரையும் நிறுவனத்தின் முத்திரையையும் போட்டு விற்றால், வாங்குபவர் அதை நிறுவனத்தின் அசல் பொருள் என்று எண்ணக்கூடும். அது தனிக் குற்றச்சாட்டாகும்.

நம்மிடையே உலவும் சில தவறான எண்ணங்கள்

"கொஞ்சம் மாற்றிவிட்டால் போதும்." இத்தனை சதவீதம் மாற்றினால் தப்பலாம் என்ற கணக்கு சட்டத்தில் இல்லை. 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் அளவுகோல் தந்தது: வெறும் கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அதை வெளிப்படுத்திய விதத்துக்கு உண்டு. பார்ப்பவருக்கு இது அதன் நகல்தான் என்று ஐயமின்றித் தோன்றினால் அது மீறல். பூனை பொம்மை செய்வது யாருக்கும் ஆகுமானது. நீல நிறம், வெள்ளை முகம், கழுத்தில் மணி, வயிற்றில் பை என்று வைத்துவிட்டு "இது வெறும் பூனை" என்று சொன்னால் குழந்தைகூட நம்பாது.

"இணையத்தில் இலவசமாகக் கிடைத்த படம்தானே." பார்க்கக் கிடைப்பது வேறு, விற்க அனுமதி இருப்பது வேறு. பின்னல் மாதிரியைக் காசு கொடுத்து வாங்கியிருந்தாலும், அதை விற்றவருக்கே அந்த உருவத்தின் மீது உரிமை இல்லாதபோது நமக்கு எப்படி வரும்?

"மிக்கி இப்போது எல்லோருக்கும் பொதுவாகிவிட்டதாமே." 1928இல் வந்த கறுப்பு வெள்ளைக் குறும்படத்தில் உள்ள மிக்கிதான் 2024 ஜனவரி 1 அன்று அமெரிக்காவில் பதிப்புரிமையிலிருந்து விடுபட்டது. பின்னர் வந்த வடிவங்கள் பலவும் இன்னும் உரிமைக்கு உட்பட்டவை. வணிகச் சின்ன உரிமையும் தொடர்கிறது.

"என் பிள்ளைக்கும் செய்யக்கூடாதா?" தாராளமாகச் செய்யலாம். சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. விற்பனைக்கு வைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

தண்டனை உண்டா?

அறிந்தே மீறினால் 63ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இது பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. சிறு விற்பனையாளருக்குப் பெரும்பாலும் முதலில் வருவது பக்க முடக்கமோ வக்கீல் நோட்டீஸோதான். ஆனால் நோட்டீஸ் வந்த பிறகும் தொடர்ந்து விற்றால், "தெரியாமல் செய்தேன்" என்ற வார்த்தைக்கு மதிப்பிருக்காது.

இது ஹலால் சம்பாத்தியத்தின் கேள்வியும்கூட

1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி, வணிகப் பெயர், வணிகச் சின்னம், நூலுரிமை, கண்டுபிடிப்பு உரிமை ஆகியவை உரியவர்களின் ஹக் என்றும், அவற்றை மீறுவது ஆகாது என்றும் முடிவு செய்தது. உயிருள்ளவற்றின் உருவம் செய்வது குறித்த மஸ்அலா தனி. அதை உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

"அவ்வளவு பெரிய கம்பெனிக்கு நம்மால் என்ன நஷ்டம்?" என்று சிலர் கேட்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்துப் பத்தமடைப் பாயை நினைத்துப் பாருங்கள். நம் சமுதாயப் பெண்கள் கோரைப்புல்லில் தலைமுறை தலைமுறையாக நெய்து வரும் அந்தப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. எங்கோ இயந்திரத்தில் செய்த பிளாஸ்டிக் பாயைப் பத்தமடைப் பாய் என்று ஒருவர் விற்றால் நாம் பொறுப்போமா? நமக்கொரு அளவு, பிறருக்கொரு அளவு என்று வைக்கலாமா?

பிழைப்புக்கு வழி என்ன?

உருவத்துக்கு உரிமம் வாங்கி விற்கலாம். ஆனால் முன்பணமும் ராயல்டியும் கட்டி அதை வாங்குவது வீட்டிலிருந்து தொழில் செய்பவருக்கு எளிதல்ல. எளிய வழி, சொந்தமாக ஓர் உருவத்தைப் படைப்பதே.

பழைய கதைகள் எல்லோருக்கும் பொது. அலாவுதீனும் அலிபாபாவும் முல்லா நஸ்ருத்தீனும் யாருடைய தனிச்சொத்தும் அல்ல. 1992ஆம் ஆண்டு டிஸ்னி படத்தில் வரும் அலாவுதீனின் முகத்தையும் நீல நிறப் பூதத்தையும் தொடாமல், உங்கள் மனதில் தோன்றும் அலாவுதீனை, அவன் விளக்கைச் செய்யுங்கள். பூ, கொடி, பிறை, நட்சத்திரம், மருதாணிக் கோலங்கள், நம் பள்ளிவாசல்களில் காணும் வடிவக் கட்டங்கள் எல்லாம் இருக்கின்றன. குழந்தையின் பெயரை எம்பிராய்டரி செய்த பைக்கு எப்போதும் கிராக்கி உண்டு.

நீங்களே வரைந்த உருவத்துக்குப் பதிப்புரிமை உங்களுடையது. வரைந்த தாள், தேதி, புகைப்படம் ஆகியவற்றைப் பத்திரமாக வையுங்கள். நாளை அதை இன்னொருவர் நகலெடுத்தால், இன்று நமக்குக் கடுமையாகத் தெரிகிற அதே சட்டம் உங்கள் பக்கம் நிற்கும்.

நோட்டீஸ் வந்தால்

பதறாதீர்கள், அலட்சியமும் வேண்டாம். உடனே விற்பனையை நிறுத்தி, படங்களை எடுத்துவிடுங்கள். வந்த கடிதத்தை அழிக்காதீர்கள். பணம் கட்டுவதற்கோ கையெழுத்திடுவதற்கோ முன் வக்கீலிடம் காட்டுங்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம்.

அந்தச் சகோதரி என்ன செய்தார் தெரியுமா? விற்காமல் கிடந்த பொம்மைகளைப் பிரித்து நூலை உருண்டையாகச் சுற்றி எடுத்துக்கொண்டார். இப்போது அதே நீல நூலில், தம் வீட்டு ஆட்டுக்குட்டியைப் பார்த்து ஒரு ஆட்டுக்குட்டிப் பொம்மை பின்னியிருக்கிறார். முதல் ஆர்டர் நான்குதான் வந்திருக்கிறது. "குறைவுதான், ஆனால் ராத்திரி தூக்கம் வருகிறது" என்றார்.

அவருடைய நான்கு நாற்பதாகவும், நம் எல்லோருடைய உழைப்பிலும் பரக்கத் பெருகவும் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.