அதிர்வு திறக்கும் கதவு

ஒளி பொருள்களைத் தள்ளும் என்றால் நம்புவீர்களா, தோழியரே? மாக்ஸ்வெல் கணக்கிட்டுச் சொன்ன இவ்விசையை மாஸ்கோவில் லெபடேவ் 1900-ல் பரிசோதனையால் காட்டினார். மிகச் சிறிய விசைதான். ஒரு சதுர மீட்டர் கண்ணாடியை நண்பகல் வெயில் தள்ளுவது ஒரு மில்லிகிராம் எடைக்கும் குறைவு.

ஆனால் ஒளியைச் சிறைப்பிடித்தால்? தலைமுடிப் பருமனே உள்ள கண்ணாடி வளையத்துக்குள் லேசர் ஒளி பல ஆயிரம் முறை சுற்றுகிறது. சுற்றுந்தோறும் சுவரைத் தள்ளுகிறது. வளையமும் நம் ஆய்வுக்கூட இசைக்கவை போல அதிர்கிறது.

2010-ல் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் வளையத்தை ஒட்டிய கண்ணாடி இழையில் வலிய கதிர் ஒன்றும் மெலிந்த கதிர் ஒன்றும் அனுப்பினார்கள். மெலிந்தது தனியே வந்தால் வளையம் விழுங்கிவிடும். இரு கதிர்களின் அதிர்வெண் வேறுபாடு வளையத்தின் சொந்த அதிர்வெண்ணுக்கு (நொடிக்குச் சுமார் 5 கோடி!) சமமானால் வளையம் ஒத்ததிர்கிறது. அந்த அதிர்வு வலிய கதிரில் சிறு பகுதியை மெலிந்த கதிரின் நிறத்துக்கே மாற்றுகிறது. ஆனால் முகடு இருக்குமிடத்தில் அகடாக. ஒளியோடு ஒளி சேர்ந்து இருளாகும் என்று பாடத்தில் படித்தபோது நான் நம்பவேயில்லை. இங்கே அதுதான் நடக்கிறது. வளையத்துள் இரண்டும் ஒன்றையொன்று அழிக்க, மெலிந்த கதிர் விழுங்கப்படாமல் இழை வழியே தப்பிச் செல்கிறது. வலிய கதிரை நிறுத்தினால் கதவு மூடிக்கொள்ளும்.

மறு ஆண்டு கலிபோர்னியாவில் இம்முறையால் ஒளித்துடிப்பு ஒன்றை நொடியில் 2 கோடியில் ஒரு பங்கு நேரம் தாமதிக்கச் செய்தார்கள். அற்பம் என்று எண்ணாதீர்கள். அதற்குள் ஒளி வெளியே 15 மீட்டர் ஓடியிருக்கும், எங்கள் வகுப்பறையின் நீளத்தைவிட அதிகம்!