மார்பகப் புற்றுநோய்: வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம்



நம் நாட்டுப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஆகக் கூடுதலாகக் காணப்படுவது மார்பகப் புற்றுநோய்தான். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் இதைக் குணப்படுத்தலாம். ஆனால் லயங்களுக்குப் போகும்போது நாம் கேட்கும் பேச்சு என்ன? "கட்டி இருக்குதான், வலி ஒண்ணும் இல்லையே" என்கிறார்கள். இந்த நோயில் வரும் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. ஆகவே வலி இல்லை என்று சும்மா இருப்பதுதான் ஆபத்து.

இதைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள் உண்டு.

1. நாமே பார்ப்பது

20 வயதுக்கு மேற்பட்டவர்கள் மாதம் ஒரு தடவை பார்க்க வேண்டும். மாதவிடாய் தொடங்கி 7 முதல் 10 நாட்களுக்குள் பார்ப்பது நல்லது. மாதவிடாய் நின்றவர்கள் சம்பள நாளைக் கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

முதலில் கண்ணாடி முன் நின்று கைகளைத் தொங்கவிட்டும் தலைக்கு மேலே தூக்கியும் பாருங்கள். பிறகு படுத்துக்கொண்டு வலது மார்பை இடது கையாலும், இடது மார்பை வலது கையாலும் தடவிப் பாருங்கள். நடு மூன்று விரல்களின் உட்பக்கத்தால் சிறு சிறு வட்டமாக அழுத்த வேண்டும். அக்குளையும் விடக் கூடாது.

கவனிக்க வேண்டியவை:
- மார்பில் அல்லது அக்குளில் கட்டி, தடிப்பு
- தோல் குழி விழுதல், தோடம்பழத் தோல் போலாகுதல்
- காம்பு புதிதாக உள்ளே இழுபடுதல், புண்
- காம்பிலிருந்து இரத்தம் அல்லது நீர் கசிதல்

2. கிளினிக்கில் பார்ப்பது

கையால் பார்த்தது போதும் என்று இருந்துவிடக் கூடாது. 20 முதல் 40 வயது வரை மூன்று வருடத்துக்கு ஒரு தடவையும், 40க்கு மேல் வருடா வருடமும் பயிற்சி பெற்றவர்களிடம் காட்ட வேண்டும். 1996இல் நம் நாட்டில் ஆரம்பித்த சுகவனிதையர் கிளினிக்குகளில் இதை இலவசமாகச் செய்கிறார்கள். 35, 45 வயதுப் பெண்களை முக்கியமாக அழைக்கிறார்கள். கர்ப்பப்பை வாசல் புற்றுநோய், பிரஷர், சீனி வருத்தம் எல்லாவற்றையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

3. மெமோகிராம், ஸ்கேன்

மெமோகிராம் என்பது மார்பை எடுக்கும் எக்ஸ்ரே படம். கைக்குத் தட்டுப்படாத சிறு கட்டியும் இதில் தெரியும். இளம் பெண்களுக்குப் பெரும்பாலும் ஸ்கேன் செய்வார்கள். யாருக்கு எது தேவை என்று டாக்டர்தான் முடிவு செய்வார். தாய்க்கோ கூடப்பிறந்த சகோதரிக்கோ இந்த நோய் வந்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

கட்டி என்றவுடன் பயந்து அழவும் வேண்டாம். அநேகமான கட்டிகள் புற்றுநோய் அல்ல. ஊசியால் சிறிது தசை எடுத்துச் சோதித்தால் உண்மை தெரிந்துவிடும். இது தொற்று நோயும் அல்ல.

"கிளினிக்குக்குப் போனால் ஒருநாள் பேர் போய்விடுமே" என்ற கவலை நமக்குத் தெரியாததல்ல. ஆனால் நோய் முற்றினால் மாதக்கணக்கில் பேர் போகும், உயிரும் போகலாம். கணவன்மாரே, அன்றைக்குப் பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொண்டு மனைவியை அனுப்பி வையுங்கள். கங்காணிமாரும் கிளினிக் நாளில் தடை சொல்லாமல் விடவேண்டும்.

அடுத்த கிளினிக் எப்போது என்று இந்தக் கிழமையே மருத்துவ மாதுவிடம் கேளுங்கள். அவரிடம் வெட்கப்பட ஒன்றுமில்லை.